டீச்சர் கூட்டிவந்தவர்கள்

எங்கள் மருத்துவமனை வாசலில் ஆட்டோ வந்து நின்றால் சில நாட்களில் முதலில் இறங்குவது நோயாளியாக இருக்காது. டீச்சராக இருக்கும். இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் நாலு வார்த்தை, செக்யூரிட்டியிடம் நாலு வார்த்தை. அதற்குப் பிறகுதான் உள்ளே இருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐயோ அப்பா என்று காலை வெளியே வைப்பார். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் டீச்சர் நோயாளியின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்.

"நம்ம ஆளுதான். முட்டி. டாக்டரு இருக்காராத்தா?"

பிறகு ஒரு காட்சி நடக்கும். கூட்டிவந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் நீளமான வராந்தாவில் கடைசிவரை விறுவிறுவென்று போய்த் திரும்பி வருவார். மாத்திரை வாங்க நின்றவர்கள் வழிவிடுவார்கள். எக்ஸ்ரே அறைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"பாத்தியா? இந்த முட்டி எம் முட்டி இல்ல, டாக்டரு வச்ச முட்டி. நீ பயப்படாம படுத்து எந்திரி. நான் பொறுப்பு."

'நான் பொறுப்பு.' இதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வதை அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதைப் போலச் சொன்னார் என்பது தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அவர் பாடம் நடத்திய டீச்சர் இல்லை. கந்தர்வக்கோட்டையைத் தாண்டி, முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரின் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் டீச்சர் என்றார்கள், பிள்ளைகளைப் பார்த்து ஊர் டீச்சர் என்றது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வந்து, வலிக்க வலிக்கக் காலை மடக்கச் சொல்லும் பாவி. அந்த இடத்தில் என்னைத் திட்டாதவர்கள் கிடையாது. டீச்சரும் திட்டினார், ஆனால் மடக்கினார். வலியில் கண்ணில் நீர் வழிய, "இந்தா பாரு, மடங்கிருச்சு, போதுமா? ஒங்காத்தா ஒன்னையப் பெத்தாளா, செஞ்சாளா?" என்று கேட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முட்டி மாற்றியவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள், யாருக்கு எது கெட்டுப்போகிறது, ஏன் கெட்டுப்போகிறது என்று எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தார். ஆஸ்பத்திரியைவிட்டுச் சிரித்த முகத்தோடு போனவர்களைப் பற்றி அவருக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டில், அடுப்படியில், பஸ் படியில் பார்க்க வேண்டும் என்பார். அதனால் நான் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போனேன். குளத்தூர்ப் பக்கம் ஒரு நாள், மணமேல்குடிப் பக்கம் ஒரு நாள். இடையில் போனில் ஒரு விசாரிப்பு.

போகிற இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். "நல்லா இருக்கேன் கண்ணு. டாக்டரு புண்ணியத்துல நல்லா இருக்கேன்." கையில் வலி அட்டை ஒன்று வைத்திருந்தேன். வாய்விட்டுச் சிரிக்கும் முகத்தில் தொடங்கி, கண்ணீர் வடிக்கும் முகம்வரை வரிசையாகப் படங்கள். வலி எவ்வளவோ அந்த முகத்தைத் தொட வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கூடச் சிரிக்கிற முகத்தைத்தான் தொடுவார். கை வைத்த டாக்டரைக் குறை சொல்வது, சாப்பிட்ட வீட்டில் உப்பு இல்லை என்று சொல்வதைப் போல அவர்களுக்கு. விரல் பட்டுப் பட்டு அந்த முதல் முகம் மட்டும் மங்கிப்போய், பிளாஸ்டிக் உறை உரிந்துவிட்டது. அட்டையைப் பார்த்து டாக்டர் சலித்துக்கொள்வார்.

"இந்த ஜில்லாவுல யாருக்கும் வலியே இல்லையாம்மா? அப்ப நான் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடலாமே. நல்லா இருக்குறவங்க எனக்கு வேணாம், நல்லா இல்லாதவங்களைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வா. அவங்ககிட்டதான் நான் கத்துக்கணும்."

முதல் வருடம் டீச்சர் வீட்டுக்குப் போனபோது, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பிலேயே வந்து நின்றிருந்தார். ஸ்கூட்டிக்கு முன்னால் அவர் நடக்க, பின்னால் நான் உருட்டிக்கொண்டு போனேன். அட்டையை நீட்டுவதற்குள் சிரிக்கிற முகத்தில் விரலை வைத்துவிட்டார். கேள்வித்தாளைப் பார்த்து, மாடிப்படி ஏறும்போது வலிக்கிறதா என்று கேட்டேன். கேள்வியை எழுதிய வெளிநாட்டுக்காரர்களின் வீடுகளில் எல்லாம் மாடி இருக்கும் போல.

"எங்க ஊருல மாடின்னா பஞ்சாயத்து ஆபீஸ்தான். வா, ஏறிக் காட்டுறேன்."

காட்டினார். மொட்டைமாடிவரை ஏறி, கீழே நின்ற கிளார்க்கைக் கூப்பிட்டு, என்னைச் சாட்சிக்கு நிறுத்தி, இறங்கினார். திரும்பும்போது வறுத்த முந்திரியை என் பையில் திணித்தார்.

அந்த ஊரில் அவரைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளி ஹெட்மாஸ்டரின் மனைவிக்கு ஒரு கிரைண்டரைச் சிபாரிசு செய்திருக்கிறார். வாங்கிய கொஞ்ச நாளில் அதன் மோட்டார் கருகிவிட்டது. அந்தம்மா டீச்சரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் டீச்சர் தன் வீட்டு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டு, கருகியதைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "நாஞ் சொல்லித்தான வாங்குனாக" என்றாராம். அதன்பின் அவர் வீட்டில் பல மாதம் ஆட்டுக்கல்தான்.

இன்னொன்று, ஒரு கல்யாணம். பையன் தங்கமான பையன் என்று இவர் சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் குடிக்க ஆரம்பித்தான். டீச்சர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்துப் போய், அவன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாராம். திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார். பொழுது சாயும்வரை அவன் எதிரில் உட்கார்ந்து அரிசி புடைப்பார். அவன் எழுந்தால், "எங்கிட்டுப்பா கெளம்பிட்ட?" என்று மட்டும் கேட்பார். இந்தம்மாவின் தொல்லை தாங்காமல்தான் குடியை விட்டேன் என்று அவனே இப்போது சொல்லிச் சிரிக்கிறான்.

இவற்றையெல்லாம்விட அவரை எனக்கு விளங்கவைத்தது, சத்துணவுக் கூடத்தைப் பற்றி அவரே சொன்னதுதான். பிள்ளைகளுக்குப் போடும் முன்பு பெரியவர்கள் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. பல இடங்களில் ஒரு வாய் நாக்கில் வைத்துப் பார்ப்பதோடு சரி. டீச்சர் தட்டில் போட்டு முழுச் சாப்பாடாகச் சாப்பிடுவார், முட்டையோடு. பிறகு கொஞ்ச நேரம் மணியடிக்கவிடாமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் தட்டைத் தட்டி ரகளை பண்ணினாலும் அசைய மாட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலைன்னாத்தானத்தா புள்ளைகளுக்குப் போட முடியும்? எனக்கு வயித்தக் கலக்கிட்டு, நான் அதைச் சொல்லாம புள்ளைகளுக்குப் போட்டா அது பாவமில்லையா?"

முட்டி விஷயத்திலும் அதையேதான் செய்தார். "நான் ருசி பாத்துட்டேன், இனிமே நீங்க உக்காருங்க" என்று சொல்லித்தான் ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். சத்துணவு மீட்டிங்குகளில் பழகியவர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்ட முன்பின் தெரியாதவர்கள். அவர்களில் மணமேல்குடிக்கார அம்மா ஒருவர், கருவாட்டு வியாபாரம் செய்பவர். ஆபரேஷன் என்றாலே அலறியவரை டீச்சர்தான் கையைப் பிடித்துத் தியேட்டர் கதவுவரை கூட்டிப்போனார்.

எல்லாம் எங்கெங்கோ இருக்கும் ஊர்கள். ஆஸ்பத்திரியைவிட்டுப் போன பிறகு அவர்களை டீச்சர் பார்ப்பது அரிது. நான் அவர்கள் வீடுகளுக்குப் போகிறவள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"மணமேல்குடிக்காரி எப்படி இருக்கா? நடக்குறாளா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க டீச்சர். ஒருத்தர் உடம்பைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"நாந்தானத்தா கூட்டியாந்தேன்."

"அப்படியிருந்தாலும் கூடாதுங்க."

"நீங்களே போன் பண்ணிக் கேளுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன். அவர் என்னைப் பார்த்து விசித்திரமாகச் சிரித்தார். "கேட்டா என்ன சொல்லுவாக? நல்லா இருக்கேன்பாக. அதை நம்பவா?" என்றார். அதற்கு நானும் சிரித்தேன்.

இரண்டாம் வருடம் நான் போனபோது பஸ் ஸ்டாப்பில் டீச்சர் இல்லை. வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ச் செம்பு, முந்திரித் தட்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தன. முகம் மட்டும் வாடியிருந்தது. அட்டையை நீட்டினேன். விரல் வழக்கமான முகத்துக்கே போயிற்று.

"பஞ்சாயத்து ஆபீஸ் போய் ஏறிப் பாப்பமா டீச்சர்?"

"பூட்டிக் கெடக்குத்தா."

வரும் வழியில் அது திறந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் வெயில், அசதி என்று நினைத்துக்கொண்டு விடைபெற்றேன். வாசலில் என் செருப்பைப் போடும்போது பக்கத்தில் அவர் செருப்பு கிடந்தது. ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றின் முனை தரையில் இழுபட்டு இழுபட்டுக் கரைந்திருந்தது. நடையைப் பார்த்தே பிழைப்பவள் நான். காலைத் தூக்கி வைக்க முடியாதவர்தான் செருப்பை அப்படித் தேய்ப்பார். திரும்ப உள்ளே போய், கேட்காமலே சேலையை விலக்கி முட்டியில் கை வைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போலச் சுட்டது. வீங்கிப் பளபளவென்று இருந்தது.

டீச்சர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "யாருட்டயும் சொல்லிறாதத்தா."

"எத்தனை நாளா டீச்சர் இப்படி?"

அடுப்படியில் நின்ற அவர் வீட்டுக்காரர்தான் சொன்னார். அதிகம் பேசாத மனுஷர். "நாலு மாசமிருக்கும்மா, பித்தவெடிப்புல சீழ் வச்சுச்சு. இவளுக்குச் சுகர் வேற. அப்பறம் காச்சலு. அப்பறம் முட்டி வீங்குச்சு. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா வரமாட்டேங்குறா. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கிக்கிட்டே கெடக்கா."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காய்ச்சல் சமயத்தில்தான் நான் போனில் கூப்பிட்டு விசாரித்திருந்தேன். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருந்தார். அப்போதும் மணமேல்குடிக்கார அம்மாவைப் பற்றிக் கேட்டார், நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

எங்கள் டாக்டர் அவரைத் திட்டவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முட்டிக்குள் சீழ் பிடித்து, வைத்த உலோகத்தைச் சுற்றி எலும்பு அரித்திருந்தது. வெளியே வந்து என்னிடம் சொன்னார். "காச்சல் வந்த ஒடனே வந்திருந்தா தொறந்து கழுவி, முட்டியைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்மா. ரொம்ப லேட்டாயிடுச்சு."

வைத்த முட்டியை எடுத்தார்கள். மருந்து போட்டுக் காத்திருந்தார்கள். திரும்ப வைக்கப் பார்த்தபோது மறுபடியும் சீழ். கடைசியில், நடக்கவாவது கால் மிஞ்ச வேண்டும் என்று தொடை எலும்பையும் கால் எலும்பையும் நேராகச் சேர்த்துவிட வேண்டியதாயிற்று. அந்தக் கால் இனி மடங்காது. மடக்கு மடக்கு என்று நான் அழவைத்த அதே கால்.

எல்லாவற்றுக்கும் டீச்சர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஊருக்குத் தெரியக் கூடாது. மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூர் போயிருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியின் கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். வெளியே வராந்தாவில் யாராவது முட்டிக்காரர் பேசும் குரல் கேட்டால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார். விறுவிறுவென்று அவர் நடந்து காட்டிய அதே வராந்தாதான் அது. எனக்கு அந்த அறைக்குள் போவதற்கே கஷ்டமாக இருந்தது. போய்த்தான் ஆக வேண்டும், வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்னுடையது.

குணமானதும் நேரே மகள் வீட்டுக்கே போய்விட்டார். முதலில் பொய்யாகச் சொன்னது பிறகு உண்மையாகிவிட்டது. நீட்டிய காலோடு ஊருக்குள் போய் நிற்கமாட்டேன் என்று சாதித்துவிட்டாராம். வீட்டுக்காரரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

அதற்குப் பிறகு நான் மணமேல்குடி போனேன். கருவாட்டுக்கார அம்மா கடலோரத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மணலில் குனிவதும் நிமிர்வதுமாக, கூடையை இடுப்பில் வைத்து அலைவதுமாக, பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அட்டையில் அவரும் சிரிக்கிற முகத்தைத் தொட்டார். அவர் விஷயத்தில் அது உண்மை. தொட்டுவிட்டு டீச்சரைப் பற்றிக் கேட்டார்.

"கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேங்குறாகம்மா. எம் மேல என்ன கோவம்? எப்படி இருக்காக?"

"சொல்லக் கூடாதுங்கம்மா."

"அவுகளப் பத்திச் சொல்ல வேணாம் போ. என்னையப் பத்தி அவுககிட்டச் சொல்லலாமில்ல? நாந்தான் சொல்லச் சொல்றேனே! மணல்ல நடக்குறேன், கூடை தூக்குறேன், போன மாசம் திருவிழாவுல கோயிலச் சுத்துனேன்னு சொல்லு. அந்தம்மா கையப் புடிச்சுக் கூட்டியாராட்டி நான் இந்நேரம் படுத்த படுக்கைன்னு சொல்லு."

எனக்கு முகத்தில் அறைந்ததைப் போல இருந்தது. விதி சரியான விதிதான், இன்றைக்கும் அதை நான் மீறுவதில்லை. ஆனால் அவர்களைக் கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்பதற்கு எந்த விதியும் தடை இல்லை. ஆராய்ச்சிக்கு எங்களைத் தயார் செய்தவர்கள் எதைச் சொல்லக் கூடாது என்று நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். எதைச் சொல்லலாம் என்று கற்றுக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மாதம் முழுக்க, டீச்சர் கூட்டிவந்த ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டேன். "தாராளமாச் சொல்லுங்க" என்றே எல்லோரும் சொன்னார்கள். குளத்தூர்க்காரர் மட்டும், மழைக்கு லேசாகக் குத்துகிறது, அதையும் மறைக்காமல் சொல்லு என்றார்.

பிறகு திருப்பூருக்குப் போன் போட்டேன். அந்த வருடத்து விசாரிப்பும் பாக்கி இருந்தது. எடுத்ததும், "நல்லா இருக்கேன்த்தா, எழுதிக்க" என்றார்.

"நான் கேக்க வரலைங்க டீச்சர். சொல்ல வந்தேன்" என்றேன். மணமேல்குடியில் தொடங்கி ஒவ்வொருவராகச் சொன்னேன். மணல், கூடை, கோயில், குளத்தூர்க்காரரின் மழைக் குத்தல், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒருத்தி கூடவா என்னைய வையல?"

"யாரும் வையலை டீச்சர். ஒங்க பேரைச் சொல்லித்தான் நடக்குறாங்க."

பேரப்பிள்ளை எங்கோ அழுதது. மெதுவாக, இதுவரை நான் கேட்காத குரலில் சொன்னார்.

"அன்னைக்கிக் காச்சலோட கெடந்தப்ப நீ கூப்பிட்டியே. அவ எப்படி இருக்கான்னு கேட்டேன். சொல்லக் கூடாதுன்னுட்ட. சரிதான், அவளுக்கும் சீழ் வச்சிருக்கு, நாஞ் சொல்லி வந்த அத்தனை பேருக்கும் இப்படித்தான் ஆயிருச்சு, எங்கிட்டச் சொல்ல இந்தப் புள்ளைக்கி வாய் வரலைன்னு நெனச்சுட்டேன்த்தா. சோத்தப் போட்டுட்டு, எனக்கு வயித்தக் கலக்குதுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

'நன்றாக இருக்கிறார்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அது அன்றைக்குப் போயிருந்தால் அவர் அன்றைக்கே ஆட்டோ ஏறியிருப்பார். இப்போது எங்கள் டாக்டர் ஆராய்ச்சியில் சேரும் எல்லோரிடமும் முதல் நாளே, உங்களைக் கூட்டிவந்தவர் யார், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லலாமா என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். டீச்சருக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. அந்த வருத்தம் எனக்குப் போகவும் இல்லை.

நான் அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல. அவர்தான் பேச்சை மாற்றினார்.

"சரி, நீ கேக்க வேண்டியதக் கேளு. ஒன் வேலை கெட்டுப்போகும்."

"வலி எவ்வளவு இருக்கு டீச்சர்?"

"ஒன் அட்டைய எடு. கடைசியில கண்ணீர் வடிக்கிற மூஞ்சி ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு."

"அதுக்கு முந்துன மூஞ்சி. அதைத் தொட்டுக்க, நான் தொட்டதா."

அட்டையை மேஜைமேல் வைத்து, அவர் சொன்ன முகத்தில் விரலை வைத்தேன். இத்தனை ஊர் சுற்றிய அட்டையில் அந்த முகம் ஒருவர் விரலும் படாமல் புத்தம் புதிதாக இருந்தது.